சொந்த ஊர்க் கேள்விதான் கவிழ்க்கும்

டிவி வினாடி வினாவில் உட்கார வேண்டும் என்ற ஆசை ராமநாதபுரம் கரையில் எல்லா ஊரிலும் யாருக்காவது இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் தெரியும். எந்தப் பகுதியில் பயமில்லை என்று கேட்டால், தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் ஒரே பதில்தான்: "நம்ம மாவட்டத்தப் பத்திக் கேட்டா அடிச்சுருவேன்." வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்லித் தைரியம் கொடுக்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. பதினைந்து கேள்வி, நாலு விடை, ஒரு கோடி என்ற அந்த ஆட்டத்தில் சுத்தமாகத் தெரியாத கேள்வி ஆளை அவ்வளவாகக் கவிழ்ப்பதில்லை. அதற்கு லைஃப்லைன் என்ற உதவி வாய்ப்பு இருக்கிறது, அதுவும் தீர்ந்தால் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம். தேவைக்கு மேல் தெரிந்த கேள்விதான் ஆபத்து. அங்கே லைஃப்லைன் கேட்க வெட்கம், எழுந்து போக அதைவிட வெட்கம். கரைக்காரருக்குத் தேவைக்கு மேல் தெரிந்த பாடம் அவருடைய கரைதான்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "பாம்பன் பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது? ஏ) 1914, பி) 1964, சி) 1988, டி) 2025." கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இதைப் புத்தகத்தில் ஒரே வரியாகப் படித்திருப்பார்: இந்தியாவின் முதல் கடல் பாலம், 1914. அஞ்சு விநாடியில் 'ஏ' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தங்கச்சிமடத்துக்காரர் அப்படிச் சொல்ல முடியாது. அவருக்குப் பாலம் என்றால் பஸ்ஸில் தினமும் கடக்கிற அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம், அது 1988. ரயில் பாலம் என்றால் இப்போது ரயில் ஓடுவது 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுத் தூக்குப் பாலத்தில். பழைய பாலம் 1914 பிப்ரவரி 24. போதாததற்கு 1964 என்ற எண்ணைப் பார்த்ததும் புயலில் பாலம் சிதைந்ததும், பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்ததும் வரிசையாக நினைவுக்கு வரும். நாலு விடையும் அவருக்கு ஏதோ ஒரு வகையில் தெரிந்த சங்கதி. கடிகாரத்தில் 45 விநாடி இருந்தால் அதில் 35 விநாடி "எந்தப் பாலத்தக் கேக்குறாங்க?" என்பதிலேயே போய்விடும். கேள்வி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் 'ரயில் பாலம்' என்றோ 'சாலைப் பாலம்' என்றோ சொல் இருக்கும். இருந்தாலும் விளக்கு வெளிச்சத்தில், திரையில் ஓடுகிற எழுத்தில், அந்த ஒரு சொல்லைக் கண் தாண்டிவிடுவது சகஜம். தெரிந்த விஷயமாயிற்றே என்று பாதி வாசித்ததுமே மனசு பதிலுக்குப் போய்விடுகிறது.

இந்தப் பாலத்திலேயே இன்னும் இரண்டு கண்ணி உண்டு. "இந்தியாவின் மிக நீளமான கடல் பாலம்" என்ற பட்டத்தைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் பாம்பனுக்கே சொந்தம். மும்பையில் பாந்த்ரா-வொர்லி பாலம் 2009-இல் திறந்ததோடு அது கைமாறிவிட்டது. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது சுமார் 21.8 கிலோமீட்டர். பாம்பன் ரயில் பாலமோ இரண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அடுத்தது 'முதல்' என்ற சொல். முதல் கடல் பாலம் பழையது. முதல் செங்குத்துத் தூக்குக் கடல் பாலம் புதியது. பழைய பாலத்தின் நடுப்பகுதியும் கப்பலுக்கு வழிவிட்டது என்பதை நேரில் பார்த்தவர், "தூக்குறதா? அது அந்தக் காலத்துலயே இருந்துச்சே" என்று 1914-க்குப் போய்விடுவார். அது இரண்டு கையும் மேலே மடங்கித் திறக்கிற ஷெர்சர் வகை. புதியதில் நடு கர்டர் அப்படியே கிடைமட்டமாக மேலே ஏறுகிறது. பார்த்தவருக்கு இரண்டும் தூக்குவதுதான். கேள்வி எழுதியவருக்கு இரண்டும் வேறு வேறு.

கேள்வி எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்

அவர் நம் கரையில் இல்லை. சென்னையிலோ மும்பையிலோ ஒரு மேசையில் இருக்கிறார். அவர் எழுதுகிற ஒவ்வொரு கேள்விக்கும் அச்சில் ஆதாரம் காட்டியாக வேண்டும். பின்னால் ஒரு போட்டியாளர் வழக்குப் போட்டால் பதில் சொல்ல வேண்டியது நிகழ்ச்சிதான். அதனால் அரசாணை, பாடநூல், கலைக்களஞ்சியம் இவற்றில் உள்ளதுதான் விடை. கடலில் உள்ளது விடையாகாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் எத்தனை தீவு? 21. மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. இதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சள்ளியும் தண்ணிக்குள் போய்விட்டன என்பது வள்ளத்தில் போகிறவருக்குத் தெரியும். 19, 21 இரண்டும் விடைப் பட்டியலில் இருந்தால், கண்ணால் பார்த்தவர் 19 என்பார். 21 என்று சொல்கிறவருக்குப் பணம். பூங்கா அறிவித்தது 1986, உயிர்க்கோளக் காப்பகம் அறிவித்தது 1989. இரண்டும் ஒரே கடல் என்பதால் உள்ளூரில் யாரும் பிரித்துப் பேசுவதில்லை, ஆண்டைக் கேட்டால் மாட்டிக்கொள்வோம்.

இதைவிடக் கொடுமையான கேள்வி ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, பற்றியது. பாக் விரிகுடாவின் கடற்பசுப் பாதுகாப்பகம் எந்தக் கடலோர மாவட்டங்களை ஒட்டியது? ஆவுளியா என்றால் தொண்டியும் தேவிபட்டினமும் மண்டபமும்தான் நம் மனசுக்கு வரும். வலையில் சிக்கினால் அறுத்துவிடுவதைப் பற்றி இங்கே எத்தனை கூட்டம் நடந்திருக்கிறது. விடை தஞ்சாவூர், புதுக்கோட்டை. 2022-இல் அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டரும் அந்த இரண்டு மாவட்டக் கடலில்தான். ராமநாதபுரம் என்ற விடை அங்கே உட்கார்ந்திருப்பதே நம்மைப் போன்றவர்களுக்காகத்தான்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கிலிருந்து அடிப்பது எது என்றால் கரையில் எந்தப் பிள்ளையும் கச்சான் என்று சொல்லும். பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் அது கோடை, தெற்குக் காற்று தென்றல். தெற்குக் காற்றைக் கேட்டால் நம்ம ஆள் கரைப் பெயரான 'சோழகம்' எங்கே என்று நாலு விடையிலும் தேடிக்கொண்டிருப்பார்.

தனுஷ்கோடிப் புயலும் அப்படித்தான். 1964 டிசம்பர் 22 இரவில் தொடங்கி 23-க்குள் முடிந்த அழிவு அது. பாட்டி சொல்லக் கேட்ட வீட்டில் "22 ராத்திரி" என்றிருக்கும், சில புத்தகங்களில் 23. நல்ல கேள்வியாளர் இரண்டு தேதியையும் ஒரே பட்டியலில் வைக்க மாட்டார், மாதத்தையோ ஆண்டையோதான் கேட்பார். ஆக, பட்டியலில் உங்களுக்குத் தெரிந்த தேதி இல்லையென்றால் பதற வேண்டியதில்லை, பக்கத்துத் தேதியைப் பாருங்கள்.

கலாமைப் பற்றிய கேள்விகள் கொஞ்சம் இரக்கமானவை, ஆனாலும் நாம் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் கதைகள். பேப்பர் போட்டது, பள்ளிவாசல் தெரு வீடு, ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கூடம். கேட்பதோ எத்தனையாவது குடியரசுத் தலைவர் (11), பாரத ரத்னா எந்த ஆண்டு (1997), எந்த ஊரில் காலமானார் (ஷில்லாங், 2015 ஜூலை 27). கதை தெரிந்தவருக்கு எண்கள் தெரிந்திருக்கும் என்று வீட்டில் நினைக்கிறார்கள், சோதித்துப் பார்த்தால் அப்படி இருப்பதில்லை.

'லாக்' சொல்வதற்கு முந்தைய இருபது விநாடி

ஆட்டம் திரும்புவது இந்த இடத்தில்தான். விடையை வாயால் சொல்வது கணக்கில் வராது. 'லாக்' பண்ணலாமா என்று தொகுப்பாளர் கேட்டு, நீங்கள் ஆம் என்று சொன்ன பிறகுதான் அது விடை. அதுவரை நாலையும் உரக்கப் பேசலாம், மாற்றலாம், லைஃப்லைன் கேட்கலாம், விலகலாம். ஊருக்குச் சம்பந்தமில்லாத கேள்விக்கு இந்த இடைவெளியை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். சொந்த ஊர்க் கேள்வி வந்ததும் தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே, "உங்க ஊர்க் கேள்வி, இதுக்கு யோசிக்கணுமா?" என்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அவருக்குப் பெரும்பாலும் விடையும் தெரியாது, நிகழ்ச்சி சூடாக வேண்டும், அவ்வளவுதான். அரங்கில் கைதட்டு எழும். உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கோ பையனுக்கோ ஊர் மொத்தமும் டிவி முன்னால் இருப்பது ஞாபகம் வரும். அந்த நேரத்தில் 'லாக்' வாயிலிருந்து தானாக விழுந்துவிடுகிறது.

இதற்கு ஒரு பழக்கத்தைத்தான் மருந்தாகச் சொல்ல முடியும். சொந்த ஊர்க் கேள்வி என்று தெரிந்ததும் மூன்று விஷயத்தை உரக்கச் சொல்ல வேண்டும்: கேள்வியின் கடைசிச் சொல் என்ன, இது எந்தக் காகிதத்திலிருந்து வந்திருக்கும், அந்தக் காகிதத்தின் தேதி என்ன. "கேள்வி 'தேசியப் பூங்கா'ன்னு முடியுது, உயிர்க்கோளம் இல்ல. அரசு அறிவிப்பு. 1986." இவ்வளவு சொல்ல எட்டு விநாடிகூட ஆகாது. உரக்கச் சொல்வதில் இன்னொரு லாபம், தொகுப்பாளரின் கிண்டல் நின்றுவிடும்.

அடுத்து, கையில் இருக்கிற பணம். இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வீட்டுப் பெரியவர்களின் அறிவுரை பெரும்பாலும் தப்பாகப் போகிறது. இந்தியில் பல பருவம் ஓடிய பரிசு ஏணியையே வைத்துக்கொள்கிறேன், தமிழில் வந்தவையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 5-ஆம் கேள்விக்கு 10,000, அது உறுதி, பிறகு தவறினாலும் அதற்குக் கீழே போகாது. அதன் பிறகு 20,000, 40,000, 80,000, 1,60,000, பத்தாவதுக்கு 3,20,000, அதுவும் உறுதி. பிறகு 6,40,000, 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், ஒரு கோடி.

ஆறாவது கேள்வியிலும் பதினொன்றாவது கேள்வியிலும் விலகுவது மடத்தனம். தவறினாலும் கையிலிருப்பது குறையாது. தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும், லைஃப்லைனைக்கூட அங்கே செலவழிக்காமல் சொல்லலாம். இதை அறியாமல், "3,20,000 வந்துருச்சு, போதும், எந்திரிச்சுரு" என்று சொல்கிற மாமாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

பன்னிரண்டாவதில் கையில் 6,40,000. சரியானால் 12,50,000, தவறினால் 3,20,000. இழப்பது 3,20,000, கூடுவது 6,10,000. மூன்று முறைக்கு ஒரு முறையைவிடச் சற்றுக் கூடுதலாக, அதாவது 35 சதவீதம் நம்பிக்கை இருந்தாலே சொல்வது லாபம். பதின்மூன்றாவதில் அது 43 சதவீதம், பதினாலில் 47. முதல் பாதியிலும் இதே ஏற்றம்தான்: ஏழாவதில் 33, எட்டாவதில் 43, ஒன்பதாவதில் 47, பத்தாவதில் 48. ஆக ஃபிஃப்டி ஃபிஃப்டி எடுத்து இரண்டே விடை மிஞ்சி, எது என்று தெரியாமல் கண்ணை மூடிச் சொன்னாலும், பத்தாவது கேள்வி வரை கணக்கு உங்கள் பக்கம் நூலிழையில் நிற்கிறது. கணக்கு மட்டும்தான். 1,60,000 ரூபாயில் வள்ளத்துக்கு இன்ஜின் மாற்றலாம், வட்டிக்கடனை அடைக்கலாம் என்ற வீட்டுக்கு, அந்தப் பணத்தைப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வைப்பது சரியா என்பதை எந்தச் சதவீதமும் சொல்லாது. அதை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு பண்ண வேண்டும்: எந்தத் தொகைக்கு மேல் வந்தால், எவ்வளவு நிச்சயம் இருந்தால் ஆடுவது. ஹாட் சீட்டில், அதாவது போட்டியாளர் நாற்காலியில், உட்கார்ந்து முடிவு பண்ணினால் கைதட்டுதான் முடிவு பண்ணும்.

கடைசிக் கேள்விக்கு வரி உள்ளே வருகிறது. இந்தப் பரிசுக்கு வருமான வரி நேராக 30 சதவீதம், மேலே 4 சதவீத செஸ். அடிப்படை விலக்கு வரம்பு கிடையாது, எல்ஐசி பிரீமியம் கழிக்க முடியாது, சென்னைக்குப் போய்வந்த செலவையும் கழிக்க முடியாது. 3,20,000 ஜெயித்தால் 96,000 பிடித்துக்கொண்டு 2,24,000 தருவார்கள், ரிட்டர்ன் போடும்போது செஸ் 3,840 நாமே கட்ட வேண்டும். எல்லாப் படியிலும் ஒரே விகிதம் என்பதால் மேலே சொன்ன சதவீதங்கள் மாறாது. ஆனால் மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10 சதவீதக் கூடுதல் வரி. வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு 50 லட்சத்தில் நிற்பது 34,40,000. ஒரு கோடியில் நிற்பது 65,68,000. கூடுவது 31,28,000, தவறி 3,20,000-க்கு விழுந்தால் வரி போக இழப்பது சுமார் 32,20,000. அதாவது கடைசிக் கேள்வியில் பாதிக்குப் பாதி வாய்ப்பு போதாது, 51 சதவீதம் வேண்டும். ஃபிஃப்டி ஃபிஃப்டி எடுத்துக் கண்ணை மூடிச் சொல்வது அங்கே மட்டும் நஷ்டக் கணக்கு. இன்னொன்று, பிடித்தம் 30 சதவீதம்தான் என்பதால் ஒரு கோடிக்காரர் கைக்கு 70 லட்சம் வந்துவிடும். அதில் 4,32,000 அரசுக்குத் தர வேண்டியது என்று தெரியாமல் செலவழித்தால் அடுத்த வருஷம் நோட்டீஸ் வரும்.

லைஃப்லைனை யாரிடம் செலவழிப்பது

'ஆடியன்ஸ் போல்' என்ற வாக்கெடுப்பு அரங்கில் இருக்கிறவர்களின் அறிவு. அவர்கள் பெரும்பாலும் படப்பிடிப்பு நடக்கிற ஊர்க்காரர்கள். சினிமா, கிரிக்கெட், சமையல், அரசியல் இதிலெல்லாம் அவர்கள் கூட்டாகத் தப்புவது அபூர்வம். மன்னார் வளைகுடாவைப் பற்றிக் கேட்டால் அவர்கள் உங்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள், இருந்தும் 60 சதவீதம் பேர் ஒரே பட்டனை அழுத்தினால் நமக்குச் சந்தேகம் வந்துவிடும். கரைக் கேள்விக்கு ஆடியன்ஸ் கேட்கவே கூடாது. அதை முதல் பத்துக்குள், நமக்குத் தெரியாத சினிமாக் கேள்வி ஒன்றில் தீர்த்துவிடுவது நல்லது.

நண்பருக்கு ஃபோன் போட்டு விடை கேட்கிற லைஃப்லைன் விஷயம் கரைக்கு மட்டுமே உரிய தொல்லை. பட்டியலில் கொடுக்கும் பெயர்களில் கடலுக்குப் போகிறவர் இருக்கக் கூடாது. விசைப்படகு டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலை வரை ஆள் கிடைக்க மாட்டார், படப்பிடிப்பு எந்த மணிக்கு நம்மை அழைக்கும் என்று நமக்குத் தெரியாது. தனுஷ்கோடிப் பக்கம் வீடு என்றால் அதிலும் சிக்கல், அங்கே சில இடத்தில் ஃபோன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்புக் குறுஞ்செய்தி அனுப்பும். நண்பர் அன்றைக்கு ராமநாதபுரம் டவுனில் ஒரு அறையில் உட்கார்ந்திருக்கட்டும், சார்ஜரோடு.

முப்பது விநாடி என்பது கேட்க நிறைய, பேசக் கொஞ்சம். தொகுப்பாளர் நண்பரிடம் நலம் விசாரிக்கும்போது கடிகாரம் ஓடாது. போட்டியாளர் பேசத் தொடங்கியதும் ஓடும். கீழக்கரைப் பையன் ஒருவன் தன் காக்காவிடம், அதாவது அண்ணனிடம், பேசினால் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா."

"வ அலைக்குமுஸ் ஸலாம் தம்பி. நல்லா இருக்கியா? உம்மா இங்கதான் இருக்காங்க, துஆ செஞ்சுக்கிட்டே இருக்காங்க."

"காக்கா, ஒரு கேள்வி காக்கா, நல்லா கேட்டுக்கங்க…"

பத்து விநாடி போய்விட்டது. ஸலாமை விட்டுவிடு என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தொகுப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸலாம் சொல்லி முடித்துவிட வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் பேச்சு இப்படி இருக்க வேண்டும்:

"கடற்பசுப் பாதுகாப்பகம், எந்த மாவட்டம்? தஞ்சாவூர், ராம்நாடு, தூத்துக்குடி, நாகை."

"தஞ்சாவூர். தொண்ணூறு."

அந்தத் தொண்ணூறுதான் முக்கியம். விடையைச் சொல்லிவிட்டு எவ்வளவு நிச்சயம் என்று ஒரு எண்ணைச் சொல்ல நண்பரைப் பழக்க வேண்டும். "அப்படித்தான்னு நெனைக்கிறேன் தம்பி, நீ பாத்துக்க" என்பதை வைத்து 43 சதவீதத்தையோ 47-ஐயோ ஒப்பிட முடியாது. கேள்வியை முழுதாக வாசிக்கவும் வேண்டாம், 'கீழ்க்கண்டவற்றுள்' போன்ற சொல்லையெல்லாம் விட்டுவிட்டு நாலைந்து சொல்லாகச் சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கும்போது திசை, 'முதல்', 'அல்லாதது' போன்ற சொற்கள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பயிற்சி.

அங்கே போய்ச் சேர்வது

ஹாட் சீட்டுக்கு முந்தைய வேகச் சுற்றான ஃபாஸ்டஸ்ட் ஃபிங்கரில் தோற்றவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வரிசைப்படுத்தும் நாலு விடை, சரியாக முடித்தவர்களில் நேரம் குறைந்தவர் மட்டும் ஹாட் சீட்டுக்குப் போவார், மற்றவர்கள் முழு நாளும் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புவார்கள். "கிழக்கிலிருந்து மேற்காக: மண்டபம், தனுஷ்கோடி, பாம்பன், ராமேஸ்வரம்." இதில் நம்ம கை மண்டபத்தில் தொடங்கிவிடும், ஏனென்றால் பஸ் அங்கேயிருந்துதான் வருகிறது. கேட்டதோ தனுஷ்கோடி, ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம். எல்லாம் தெரிந்தும் தலைகீழ். திசையையோ 'பழையதிலிருந்து' என்பதையோ கேட்டதும், முதல் விடை எது, கடைசி விடை எது என்று மட்டும் பிடிக்க வேண்டும். நடுவில் இரண்டுதான் மிஞ்சும், அதை முடிவு பண்ண ஒரு விநாடி. தவறாக அழுத்திவிட்டு அழித்துத் திருத்தினால் அந்தச் சுற்று போனதாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆடிஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிவுக் கேள்வி, அதில் சரியாகச் சொன்னவர்களிலிருந்து குலுக்கல், ஃபோனில் இன்னும் சில கேள்வி, பிறகு நேரில் எழுத்துத் தேர்வும் கேமரா முன் பேச்சும். பான் கார்டு இல்லாமல் போகாதீர்கள், பெயர் எழுத்து ஆதாரிலும் பான் கார்டிலும் பாஸ்புக்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பொடிக்கோடு போட்ட சட்டை கேமராவில் நெளியும், வெள்ளை கண்ணைக் கூசும், கம்பெனிப் பெயர் அச்சிட்டது ஆகாது. ஒரே நிறத்தில் இரண்டு மூன்று எடுத்துப் போங்கள். ஏசி குளிர் எலும்பைத் தொடும், கரைக்காரருக்கு அது புதுசு.

பேச்சுத் திறமை இருந்தால்தான் எடுப்பார்கள் என்ற பயத்தில் விண்ணப்பமே போடாதவர்கள், முக்கியமாகப் பெண்கள், இங்கே ஏராளம். 2020 ஜனவரியில் 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில் ஒரு கோடி வென்ற மதுரை கௌசல்யா கார்த்திகா காது கேளாத, வாய் பேச இயலாத பெண். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு பதினைந்து கேள்வியையும் கடந்தார். அதன் பிறகும் "எனக்கு நல்லாப் பேச வராது" என்று ஒதுங்குவதில் அர்த்தமில்லை.

கேமராக்காரர்கள் கேட்பது வேறு ஒன்று, கதை. தேர்வானவரின் ஊருக்கு வந்து ஒரு அறிமுகப் படம் எடுப்பார்கள். கரைக்காரர் என்றால் படகும் வலையும் கூடையும் இல்லாமல் விட மாட்டார்கள். பி.காம் முடித்து வங்கியில் வேலை பார்க்கிற பெண்ணையும் மணலில் வெறுங்காலோடு நடக்கச் சொல்வார்கள். நடப்பதா மறுப்பதா என்பது அவரவர் விருப்பம். என் கவலை வேறு. 'கடலின் மகள்' என்று ஒருவரை அறிமுகம் செய்துவிட்டால், பிறகு வருகிற கடல் கேள்விக்கு லைஃப்லைன் கேட்க அவருக்கு இன்னும் கூச்சமாகிவிடும். படம் எடுக்கும்போதே, உங்கள் படிப்பையும் வேலையையும் ஒரு வரியாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒளிபரப்பாகும் வரை முடிவைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்குவார்கள். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான ஊரில் இதைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்குத் தெரிந்த யோசனை ஒன்றும் இல்லை.

பயிற்சிக்கு நம் கரையில் ஒரு நல்ல காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கு லீவு. இரண்டு பேரைக் கேள்வி எழுத வைக்க வேண்டும். ஒருவர் கடலுக்குப் போகிறவர், தனக்குத் தெரிந்ததிலிருந்து எழுதட்டும். இன்னொருவர் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல், தமிழ்ப் புத்தகங்களிலிருந்து எழுதட்டும். இரண்டையும் கலந்து பதினைந்து சீட்டு, ஃபோனில் 45 விநாடி டைமர். போட்டியாளர் விடை சொல்வதற்கு முன்னால் அது யார் எழுதிய கேள்வி என்று சொல்ல வேண்டும், பிறகு விடை, பிறகு நிச்சயம் எத்தனை சதவீதம். சுற்றி இருக்கிறவர்கள் கைதட்டிக் கிண்டலடிக்க வேண்டும், அது இல்லாமல் பயிற்சி பயிற்சியாகாது. தவறியவற்றைத் தனித் தாளில் எழுதிப் பக்கத்தில் 'கரை', 'புத்தகம்' என்று குறித்து வையுங்கள். 'கரை' என்று குறித்தவை குறைகிற வரைக்கும் புதுசாகப் பொது அறிவுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம்.